வேலை தேடும் பிள்ளையிடம் நாம் கேட்கும் கேள்வி

(வேலை தேடும் பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் நடந்த வழிகாட்டல் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் படிப்பதற்காக இங்கே தருகிறோம்.)



கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, சகோதரிகளே, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே! முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது. எழுந்து வாருங்கள். இன்றைய கூட்டம் உங்களுக்காகத்தான். ஆனால் இன்று பேச்சு வாங்கப்போவது நீங்கள் அல்ல, நாங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். சின்ன மகளின் பள்ளிக்கூட ஃபீஸ் விஷயமாக வந்தவர்கள். மனு எழுதிக்கொண்டிருக்கும்போது, "மூத்தவர் எப்படிம்மா இருக்கார்? ஜும்ஆவில் பார்க்கவே முடியலையே" என்று கேட்டோம். அந்தத் தாய் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்கள்: "அவன் தொழுகையை விடலைங்க பாய். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளிக்குப் போறான். இங்க வந்தா, செருப்பைத் தேடி எடுத்து மாட்டுறதுக்குள்ள நாலு பேர் வேலை கிடைச்சிருச்சான்னு கேக்குறாங்களாம். அந்தப் பள்ளியில அவனை யாருக்கும் தெரியாது."

அந்தத் தம்பி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதற்காக இதே ஹாலில் அவருக்கு நாம் கேடயம் கொடுத்தோம். அன்றைக்குக் கைதட்டினோம். படித்து முடித்து ஒன்றரை வருடமாக வேலை இல்லாமல் அவர் இருந்தபோது, வாரா வாரம் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டோம். கேட்டவர்களில் முதல் ஆள் யார் என்று யோசித்துப் பார்த்தோம். நிர்வாகிகள் என்று வாசலில் நின்று எல்லோருக்கும் ஸலாம் சொல்கிற நாங்கள்தான். கெட்ட எண்ணத்தில் யாரும் கேட்கவில்லை. அக்கறையில்தான் கேட்டோம். ஆனால் அந்த அக்கறை ஒரு பிள்ளையை அவனுடைய சொந்த மஹல்லா பள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிவிட்டது. அந்தத் தாயிடம் அன்றே மன்னிப்புக் கேட்டோம். இன்று உங்கள் முன்னால் சொல்கிறோம், மற்ற பிள்ளைகளுக்கும் அது சேரட்டும்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் நம் மனதில் ஒரு நினைப்பு இருக்கிறது. வேலை கிடைக்காதவனிடம் ஏதோ குறை இருக்கிறது என்ற நினைப்பு. நாம் குடியிருக்கும் பகுதியைச் சுற்றிப் பார்த்தாலே அது சரியில்லை என்று தெரிந்துவிடும். டன்லப் பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறோம். அங்கே டயர் செய்த காலத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். தொழிற்சாலை ஓய்ந்துபோய், பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் சோம்பேறிகளா? 2019-இல் நாடு முழுக்க வாகன விற்பனை சரிந்தபோது, பாடியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளில் ஷிஃப்ட் குறைந்தது. லேத்தில் நின்றவர்களுக்குக் கைத்திறன் குறைந்தா போனது?

பூந்தமல்லி, கரையான்சாவடி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று நன்றாக நினைவிருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். நிறையப் பேர் இளம் பெண்கள். பிளஸ் டூ முடித்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிய பிள்ளைகள். அவர்கள் சம்பளத்தில் தங்கை கல்யாணமும் தம்பி படிப்பும் நடந்தன. பிறகு வரித் தகராறு வந்தது, ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அடுத்த சில வாரங்களிலேயே 5,000-க்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். 'விருப்ப ஓய்வு' என்று பெயர், வயது இருபத்தைந்து! 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது.

அந்தப் பிள்ளைகள் தங்கள் வேலையில் ஒரு தப்பும் செய்யவில்லை. டெல்லியிலும் ஹெல்சிங்கியிலும் நடந்த வழக்குக்கும் பேரத்துக்கும் இவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்தது. ஐந்து வருடம் கழித்து, 2019-இல், சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் அதே இடத்தை எடுப்பதாக அறிவிப்பு வந்தது. இன்றைக்கு அந்தச் சாலையில் கம்பெனி பஸ்களுக்குக் குறைவே இல்லை. 2014-இல் இதை யாராவது சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? அதனால் தம்பி, இன்றைக்கு வந்திருக்கும் 'இல்லை' என்ற பதிலில் உன் பங்கு எவ்வளவு, சந்தையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள். உன் பங்கைத் திருத்து. மற்றதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

வேலை போவது, கிடைக்காமல் இருப்பது பற்றி எத்தனையோ பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் ஒன்று மறக்க முடியாதது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மாரியந்தால் என்று ஒரு ஊர். ஊருக்கே ஒரு நூற்பாலைதான் சோறு போட்டது. உலகப் பொருளாதாரம் சரிந்த 1929-30 சமயத்தில் அது மூடியது. மரீ யஹோடா என்ற பெண்மணியும் அவருடைய கூட்டாளிகளும் 1931-32-இல் அந்த ஊரை வீடு வீடாகப் போய் ஆராய்ந்து, 1933-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். வறுமையைப் பார்க்கப் போனவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். ஊரில் எல்லோருக்கும் நேரம் கொட்டிக் கிடந்தது. அப்படியானால் நூலகத்தில் கூட்டம் கூடியிருக்க வேண்டும் அல்லவா? கட்டணத்தை எடுத்துவிட்டும்கூட புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். பெரும்பாலான ஆண்கள் கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள். பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். ஏன்? அவர்களுக்கு வீட்டு வேலை இருந்தது. அடுப்பு, துணி, பிள்ளைகள் என்று அவர்களுடைய பொழுதுக்கு ஓர் ஒழுங்கு மிச்சமிருந்தது.

இதைப் படித்தபோது நம் வீட்டுப் பிள்ளைகள்தான் கண்முன் வந்தார்கள். வேலை இல்லாமல் போனால் முதலில் பணம் போகிறது என்று நாம் நினைக்கிறோம். பணத்துக்கு முன்னால் பொழுது போகிறது. முதல் மாதம் பிள்ளை காலை ஏழு மணிக்கு எழுகிறான். மூன்றாவது மாதம் பத்து மணி. ஆறாவது மாதம் இரவு மூன்று மணி வரை போன், பகலில் தூக்கம், வீட்டில் யாரோடும் பேச்சில்லை. "திமிரு" என்கிறார் அத்தா. திமிர் இல்லை. எழுந்தால் போக இடமில்லை, அதனால் எழவில்லை.

மாரியந்தால் மக்களிடம் போன கடிகாரம் நம்மிடம் போகத் தேவையில்லை. அல்லாஹ் நமக்கு ஐந்து வேளையைக் கொடுத்திருக்கிறான். கம்பெனி மூடினாலும் ஃபஜ்ர் மூடாது. தொழுகை அல்லாஹ்வுக்காக, வேலை கிடைப்பதற்காக அல்ல. அதை ஒரு டைம்டேபிள் என்று சுருக்கிவிட வேண்டாம் என்று ஆலிம்கள் சொன்னால் சரிதான். ஆனால் அதனால் வரும் பலன்களில் ஒன்று, நாள் ஐந்தாகப் பிரிந்து நிற்பது. தம்பிமார்களே, ஃபஜ்ருக்குப் பின் படுக்காதீர்கள். காலை நேரம் உங்கள் அலுவலகம். சட்டை போட்டு உட்கார்ந்து மனு அனுப்புங்கள், அல்லது எஸ்டேட்டுக்குக் கிளம்புங்கள். ளுஹருக்கும் அஸருக்கும் நடுவில் ஒரு தொழிலோ, ஆங்கிலமோ, கணினியோ படியுங்கள். அஸருக்குப் பின் விளையாடுங்கள், சிரியுங்கள். வேலை இல்லாதவன் விளையாடக்கூடாது என்று எந்தக் கிதாபிலும் இல்லை. இஷாவுக்குப் பின் போனை உம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். உம்மா, நீங்கள் அதில் சீரியல் பார்க்காதீர்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தக் கம்பெனி, என்ன தேதி, யாரிடம் பேசினோம், என்ன கேட்டார்கள், எதில் தடுமாறினோம், எல்லாம் எழுதுங்கள். ஒரு தம்பி அப்படி எழுதிய நோட்டை எங்களிடம் காட்டினார். நாற்பது மனு. ஒன்றுக்கும் பதில் இல்லை என்று கண் கலங்கினார். உட்கார்ந்து புரட்டினோம். நாற்பதில் முப்பத்தாறு டிசைன் இன்ஜினியர் வேலைக்குப் போனது, எல்லாமே ஆன்லைனில், எல்லாமே பெரிய கம்பெனிக்கு. குவாலிட்டி பிரிவுக்குப் போட்டது நாலே நாலு. அந்த நாலில் இரண்டு பேர் போன் செய்து பேசியிருந்தார்கள்! அவருக்கு அது ஞாபகமே இல்லை. மனம் உடைந்திருக்கும்போது கிடைக்காததுதான் கணக்கில் நிற்கும். அதனால்தான் நோட்டில் எழுதச் சொல்கிறோம்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. கூட்டத்தில் பேசாமல் விட்டால் பிள்ளைகள் தனியாகப் பேசிக்கொள்வார்கள். "என் பேரைப் பார்த்ததும் எடுத்து ஓரமா வச்சுடுறாங்க பாய்" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னால் பொய் ஆகிவிடும். சுக்தேவ் தோரட், பால் ஆட்டவெல் என்ற இரண்டு அறிஞர்கள் ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி மனு அனுப்பிப் பார்த்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது. உயர்சாதிப் பெயருள்ள மனுவோடு ஒப்பிட்டால், முஸ்லிம் பெயருள்ள மனுவுக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் மூன்றில் ஒரு பங்குதான். தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு. இது நமக்கு மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் 2004-இல் வெளியான இதே மாதிரி ஆய்வில், கறுப்பினத்தவர் பெயரை விட வெள்ளையர் பெயருள்ள மனுவுக்கு ஐம்பது சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது.

இதைச் சொல்வது பிள்ளைகளை உட்கார வைப்பதற்கு அல்ல. அழைப்பு வராத ஒவ்வொரு முறையும் 'எனக்குத் தகுதியில்லை' என்று அவர்கள் முடிவு கட்டிவிடக்கூடாது என்பதற்காக. மற்றவன் இருபது அனுப்பும் இடத்தில் நாம் அறுபது அனுப்ப வேண்டியிருக்கும். நியாயமா என்றால் நியாயமில்லை. அந்த அநியாயத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடங்களில் பேசிக்கொண்டே, திங்கட்கிழமை காலை அறுபத்தொன்றாவதையும் அனுப்ப வேண்டும். பெயரைச் சுருக்கி எழுதலாமா என்று ஒரு தம்பி கேட்டார். எங்கள் அபிப்பிராயம், வேண்டாம். நாளைக்குச் சான்றிதழில் ஒரு பெயர், ரெஸ்யூமேயில் ஒரு பெயர் என்றால் அதுவே வம்பு. அதை விட நல்ல வழி, காகிதம் போகும் முன் ஒரு மனிதர் போவது. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நம் பாய்மார்கள், நம்மோடு பழகும் மாற்றுமத அண்ணன்மார்கள், "இந்தப் பையனை எனக்குத் தெரியும், நேர்ல ஒரு தடவை பாருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால், பெயரைப் படிக்கும் முன்பே ஆளைப் பார்த்துவிடுவார்கள். நம் பகுதியில் வேலைக்குச் சேர்ந்த நிறையப் பேர் அப்படிச் சேர்ந்தவர்கள்தான். சேர்த்துவிட்டவர் ஷாஃபியும் உண்டு, சண்முகமும் உண்டு.

இந்த இடத்தில் மூஸா (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. சூரா கஸஸில் வரும் சம்பவம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வேலை தேடுகிறவன் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். அரண்மனையில் வளர்ந்தவர். ஒரே நாளில் எல்லாம் போய், உயிர் தப்பி, மத்யன் என்ற ஊருக்கு வருகிறார். பணம் இல்லை, தெரிந்தவர் இல்லை, பசி. கிணற்றடியில் கூட்டம். இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். என்ன என்று கேட்டு, அவர்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறார். கூலி கேட்கவில்லை. நிழலில் போய் உட்கார்ந்து, நீ எந்த நன்மையை இறக்கினாலும் அதன் தேவை எனக்கு இருக்கிறது என்ற கருத்தில் ரப்பிடம் கையேந்துகிறார். இன்ன வேலை, இன்ன சம்பளம் என்று கேட்கவில்லை.

அப்புறம் என்ன நடந்தது? அந்தப் பெண்களில் ஒருவர் நாணத்தோடு நடந்து வந்து, எங்கள் தந்தை அழைக்கிறார் என்றார். அந்த மகள்தான் தந்தையிடம், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இவர் பலமும் நம்பிக்கையும் உள்ளவர் என்று பரிந்துரைத்தார். எட்டு வருட ஒப்பந்தம், விரும்பினால் பத்து. இருக்க இடம், குடும்பம், வேலை மூன்றும் அந்தக் கிணற்றடியிலிருந்து வந்தன. எகிப்தில் அவர் யாராக இருந்தார் என்பது அங்கே உதவவில்லை. மத்யனில் அவர் செய்த ஒரு வேலையை ஒருவர் பார்த்திருந்தார், அது உதவியது. அதனால்தான் சும்மா இருக்கும் பிள்ளைகளிடம், பள்ளிவாசல் கணக்கை எக்செல்லில் ஏற்றித் தா, மதரஸா பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடு, இரத்த தான முகாமில் நில் என்று சொல்கிறோம். இலவசமாக வேலை வாங்குகிறார்கள் என்று சிலர் பேசுவதும் காதில் விழுகிறது. பரவாயில்லை. நாலு பேர் பார்வையில் ஒரு வேலையைச் செய்து காட்ட இது ஓர் இடம். பெற்றோருக்கும் இதில் ஒன்று இருக்கிறது. அந்தப் பெரியவர் தன் மகளின் வார்த்தையைக் கேட்டார்.

மகள் என்றதும், நம் சகோதரிகளைப் பற்றி. வேலை தேடும் பெண்பிள்ளைக்கு 'கிடைச்சுதா' என்ற கேள்வி வருவதில்லை. 'எதுக்கு' என்ற கேள்விதான் வருகிறது. தேடலின் களைப்போடு அந்தக் கேள்வியையும் அவள் சுமக்கிறாள். கணவர் இறந்தோ, பிரிந்தோ, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வேலை தேடும் தாய்மார்களும் இங்கே இருக்கிறார்கள். பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறந்த இருபத்தொரு மாடி டைடல் பூங்காவைத் தினமும் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போகிறோம். அங்கே நமக்கு என்ன என்று நினைக்காமல், போகக்கூடிய தூரத்தில் வேலை வந்திருக்கிறது என்று பார்க்கலாம். அனுப்புவதா வேண்டாமா என்பது அந்தந்த வீட்டின் முடிவு. ஆனால் முடிவெடுக்கும்போது அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இனி சில நடைமுறை விஷயங்கள், சுருக்கமாக. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மறந்துவிடாதீர்கள், மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அம்பத்தூர்க்காரர்கள் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம், அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பதிந்து ஐந்து வருடம் ஆகியும் வேலை இல்லை, குடும்ப வருமானமும் குறைவு என்றால், அரசு உதவித்தொகை மூன்று வருடத்துக்கு உண்டு. பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் பஸ்ஸுக்கு ஆகும். பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இது கிடையாது. 2007-இல் இருந்து பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. தேர்வு எழுதி, தேறி, சான்றிதழ் சரிபார்ப்பு அன்றைக்கு பி.சி.எம். சாதிச் சான்றிதழுக்கு ஓடிய பிள்ளையை நாங்கள் பார்த்திருக்கிறோம். இன்றைக்கே வாங்கி வையுங்கள். தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கின்றன. ஜும்ஆ போய்விடுமே என்று போகாமல் இருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றால் ஜும்ஆவுக்கு முன் முடித்துவிடலாம்.

மனம் தளர்ந்த நேரத்தில்தான் ஏமாற்றுக்காரன் வருவான். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சவூதி, துபாய் என்று எந்த நாடானாலும், ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு செய்தவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்பவனிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்கிறோம். விசிட் விசாவில் அனுப்பி, அங்கே போய் மாற்றித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் மியாவாடி என்ற இடத்தில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ்ப் பிள்ளைகள் 2022-இல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. பல மாதம் 'இல்லை' என்ற பதிலையே கேட்டவனுக்கு, ஒருவன் 'உண்டு' என்று சொன்னால் ஆராயத் தோன்றாது. அதனால் ஆஃபர் லெட்டர் எது வந்தாலும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

பெற்றோர் அடிக்கடி சொல்வது ஒன்று: "இன்ஜினியரிங் படிக்க வச்சுட்டு சி.என்.சி. மெஷின்ல நிக்கச் சொல்றீங்களே." சொல்கிறோம். எஸ்டேட்டில் பட்டறை வாசல்களில் 'ஆட்கள் தேவை' என்று தொங்கும் பலகையில் சி.என்.சி. ஆபரேட்டர், வி.எம்.சி. செட்டர், குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்றுதான் இருக்கிறது. ஒரு வருடம் மெஷினில் நின்ற டிகிரிக்காரனுக்கு அடுத்த நேர்காணலில் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். வீட்டில் இருந்தவனுக்கு இருக்காது. அவனவன் மனம் ஒப்பினால்தான், கட்டாயமில்லை. ஆனால் தடையாக நிற்பது பிள்ளையின் மனமா, சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற நம் கௌரவமா என்று பாருங்கள். நாங்கள் பார்த்தவரை பாதி வீடுகளில் இரண்டாவதுதான்.

நபி (ஸல்) அவர்களிடம் அன்சாரிகளில் ஒருவர் உதவி கேட்டு வந்த ஹதீஸை எத்தனையோ பயான்களில் கேட்டிருப்பீர்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு துணியும் ஒரு பாத்திரமும். அதைக் கொண்டுவரச் சொல்லி, சபையிலேயே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார், இன்னொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்தார். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு, இன்னொன்றுக்குக் கோடரி. விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் உன்னை நான் பார்க்கக் கூடாது என்று அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர் கையில் பத்து திர்ஹம் இருந்தது.

யாசகம் கேட்காதே, உழைத்துச் சாப்பிடு என்பதற்கு இந்த ஹதீஸைச் சொல்வோம். சரிதான். நடுவில் இன்னொன்று இருக்கிறது. கோடரியை வாங்கி வந்தபோது, அதற்குக் கைப்பிடியைத் தங்கள் கையாலேயே பொருத்திக் கொடுத்தார்கள் நபியவர்கள். 'போய் உழை' என்று வெறும் வாயால் அனுப்பவில்லை. முதலில் வீட்டுக்குச் சாப்பாடு, அப்புறம் கருவி, அதற்குத் தங்கள் கையால் கைப்பிடி. பதினைந்து நாள் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அதாவது, தினமும் வந்து கணக்குச் சொல்ல வேண்டாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். நாம் வெள்ளிக்கு வெள்ளி கணக்குக் கேட்டோம், கைப்பிடி போட்டுத் தரவில்லை.

ஆகவே நிர்வாகக் குழு கூடிச் சில முடிவுகள் எடுத்திருக்கிறது. பள்ளி வாசலில் நிர்வாகிகள் யாரும் இனி எந்தப் பிள்ளையிடமும் வேலையைப் பற்றிக் கேட்கமாட்டோம். ஸலாம் சொல்வோம், உடல்நலம் கேட்போம், அதோடு சரி. நீங்களும் அப்படியே செய்தால் நல்லது. நேர்காணலுக்குப் போகப் பயணச் செலவு இல்லாத பிள்ளைக்கு டிரஸ்ட் கொடுக்கும். பெயரை நோட்டீஸ் போர்டில் போடமாட்டோம், மாத அறிக்கையில் மொத்தத் தொகை மட்டும் வரும். தொழில் கற்கவோ கருவி வாங்கவோ வட்டியில்லாக் கடனுக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். ஸகாத் பணத்திலிருந்து யாருக்குக் கொடுக்கலாம் என்பதை இமாம் அவர்களிடம் ஒவ்வொருவர் நிலையையும் சொல்லிக் கேட்டே செய்வோம். எஸ்டேட்டிலும் ஒரகடம் பக்கமும் வேலை பார்ப்பவர்கள், பணி ஓய்வு பெற்ற ஃபோர்மேன்கள், எச்.ஆர். பிரிவில் இருக்கும் பிள்ளைகள், மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் எங்களுக்குத் தாருங்கள். ரெஸ்யூமே பார்க்க வேண்டும், ஒத்திகை நேர்காணல் எடுக்க வேண்டும். தெரிந்த கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். சோற்றுத் தட்டின் முன்னால் வேலைப் பேச்சை எடுக்காதீர்கள். மாமா மகனுக்கு ஆஃபர் வந்த செய்தியை அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் வாரக்கணக்கில் இருந்தால், 'உயிரோடு இருந்து என்ன' என்ற மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தால், ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் டாக்டரிடமும் அழைத்துப் போங்கள். அரசின் 104 எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்து பேசலாம். இரண்டும் செய்யலாம், ஒன்றுக்கு ஒன்று விரோதமில்லை.

அந்தத் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். இன்னும் வேலை கிடைக்கவில்லை. எங்களில் இருவர் அவர் வீட்டுக்குப் போய், வேலையைப் பற்றி ஒன்றும் பேசாமல், டீ குடித்துவிட்டு வந்தோம். போன வாரம் மஃரிபுக்கு நம் பள்ளிக்கு வந்திருந்தார். மதரஸா பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். இப்போது இந்த ஹாலில் இருக்கிறாரா இல்லையா என்று யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இமாம் அவர்கள் துஆ ஓதியதும் பின்னால் டீ இருக்கிறது. ரெஸ்யூமே கொண்டு வந்தவர்கள் இரண்டு காப்பியை மேசையில் கொடுங்கள். கொண்டு வராதவர்கள் அடுத்த ஞாயிறு அஸருக்குப் பின் வாருங்கள், கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருக்கும், பையன்கள் உட்கார்ந்து அடித்துத் தருவார்கள். சகோதரிகளுக்குப் பக்கத்து அறையில் தனி மேசை போட்டிருக்கிறோம்.